நகல் கட்டணத்தைக் கட்டுங்கள்: மாகாணக் கல்வி அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் புத்தகப் பக்கங்களை நகலெடுப்பதற்காக எழுதியவர்களுக்கும் பதிப்பித்தவர்களுக்கும் போய்ச்சேர வேண்டிய நகல் கட்டணத்தைப் பற்றி எழுதுகிறேன். கனடாவில் கியூபெக் மாகாண அமைச்சர் மட்டும் இதைப் படிக்க வேண்டியதில்லை. அவருடைய மாகாணம் அதைக் கட்டிவருகிறது. கட்டியும் அங்கே எந்தப் பள்ளிக்கூடமும் மூடப்பட்டுவிடவில்லை.

ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள் போன வாரம் பையிலிருந்து சில தாள்களை எடுத்து நீட்டினாள். கனடிய எழுத்தாளர் டெபோரா எல்லிஸ் எழுதி 2000-இல் வெளிவந்த, பர்வானா என்ற காபூல் சிறுமியின் கதை. அதன் முதல் அத்தியாயம், போட்டோகொப்பியில். இரண்டு பக்கங்களில் ஓரம் கறுத்து எழுத்தே தெரியவில்லை. ஆசிரியரை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு அத்தியாயம் வரை நகலெடுக்கலாம், எழுதியவருக்கு எதுவும் தரவேண்டாம் என்று வழிகாட்டியது நீங்கள்தானே.

அந்தக் கதையில் பர்வானாவின் தந்தை சந்தையில் விரிப்புப் போட்டு உட்கார்ந்து, எழுத்தறியாதவர்களுக்குக் கடிதம் வாசித்துக் கொடுக்கிறார். தலிபான் ஆட்சி, குண்டு விழுந்து இடிந்த ஊர்; அங்கேயும் வாசித்துக் கொடுத்தவருக்குக் கூலி உண்டு. இங்கே எழுதிக் கொடுத்தவருக்கு இல்லை.

எல்லிஸ் மனநலக் காப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அந்தப் புத்தகத்தின் உரிமைத்தொகையை ஆப்கான் பெண்களுக்காக உழைக்கும் அமைப்புக்குக் கொடுத்தவர். அப்படியானால் நீங்கள் மிச்சம்பிடிப்பது யாருடைய காசை? ஓடர் ஒஃப் கனடா விருதை மட்டும் அவருக்குக் கொடுத்தாயிற்று.

2012-இல் பதிப்புரிமைச் சட்டம் கல்விக்காக நகலெடுக்க இடம்கொடுத்து மாறியது, 2013 முதல் நீங்கள் கட்டிய கட்டணம் நின்றது. இத்தகைய கட்டணங்களை நிர்ணயிக்கும் பதிப்புரிமைச் சபை 2013-க்கும் 2015-க்கும் இடைப்பட்ட காலத்துக்கு விதித்தது எவ்வளவு? ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 2 டொலர் 41 சதம். குடிக்கிற ஒரு கோப்பியின் விலை. 2021-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய கட்டணம் கட்டாயமில்லை என்றது உண்மைதான். கட்டாயமில்லை என்றுதான் சொன்னது, கட்டக்கூடாது என்று சொல்லவில்லை. கட்டுங்கள்.

நகல் இயந்திரத்துக்குக் கொடுக்கிறீர்கள், மைக்குக் கொடுக்கிறீர்கள், தாளுக்கும் கொடுக்கிறீர்கள். பெரியவர்களுக்கு எழுதுகிறவருக்குப் பள்ளிக்கூட வருமானம் போனால் புத்தகக் கடையாவது மிஞ்சும். பிள்ளைகளுக்கு எழுதுகிறவர் எங்கே போவார்? மகளின் பள்ளிச் சுவரில் ‘கனடியப் புத்தகங்களை வாசியுங்கள்’ என்று ஒரு சுவரொட்டி தொங்குகிறது. அதுவும் போட்டோகொப்பிதானா என்று கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்தருளுங்கள். பணிவாகவே கேட்கிறேன்: நிறுத்திய கட்டணத்தை மீண்டும் கட்டுங்கள். முடிந்தால் வகுப்புக்குச் சில முழுப் புத்தகங்களும் வாங்குங்கள். மகளுக்கு ஒன்றை நானே வாங்கிக் கொடுத்துவிட்டேன். அதை இரவல் கேட்டு இப்போது வகுப்பில் ஏழு பேர் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
ஒன்ராறியோ