பாலி-காட்டன் அச்சுத் துணிக்கு ஒரே எண் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஜவுளி வணிகக் கட்டுரை, பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த அச்சுத் துணி என்றாலே சுங்க வகைப்பாட்டில் 5513.41 என்று எழுதிவிடலாம் என்ற பொருளில் ஒரு வரியோடு அந்த விஷயத்தை முடித்திருந்தது. துணி இறக்குமதிக்கான பத்திரங்களைத் தயாரிப்பதுதான் பல வருடமாக என் வேலை. அந்த வரியை நம்பி ஒருவர் சரக்கை அனுப்பி, அது துறைமுகத்தில் மாட்டிக்கொண்டால் என்ன பாடு என்று கூட இருந்து பார்த்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

5513.41 என்ற எண் இருப்பது உண்மைதான். ஆனால் அது பாலியஸ்டர் ஸ்டேபிள் இழையில் (சிறு துண்டுகளாக வெட்டிய இழை) நூற்ற நூல் கொண்ட, சாதா நெசவில் நெய்த, சதுர மீட்டருக்கு 170 கிராமைத் தாண்டாத, நெய்த பிறகு அச்சிட்ட துணிக்கு உரிய எண். அதோடு அந்தச் செயற்கை இழை 85 சதவீதத்துக்குக் குறைவாகவும், மீதி முழுவதுமோ பெரும்பகுதியோ பருத்தியாகவும் இருக்க வேண்டும். இதில் ஒன்று மாறினாலும் எண் மாறிவிடும். சரக்குகளுக்கு எண் கொடுக்கும் சர்வதேசப் பட்டியலான எச்.எஸ். 1988இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து முதல் ஆறு இலக்கம் அதைப் பின்பற்றும் எல்லா நாட்டுக்கும் பொது என்பதால், இது ஏதோ ஒரு துறைமுகத்துப் பிரச்சினை மட்டும் அல்ல.

முதலில் கலவை. எந்த இழை எடையில் அதிகமோ, அந்த இழையால் ஆன துணியாகவே மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார்கள். சதுர மீட்டருக்கு 180 கிராம் உள்ள, சாதா நெசவு அச்சுத் துணி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். பாலியஸ்டர் ஸ்டேபிள் 51, பருத்தி 49 என்றால் அது செயற்கை ஸ்டேபிள் இழைக்கான 55ஆம் அத்தியாயத்துக்குப் போகும் (எண்ணின் முதல் இரண்டு இலக்கம்தான் அத்தியாயம்). அங்கே எடையின் எல்லை 170 என்பதால் 5514.41. அதுவே பருத்தி 51, பாலியஸ்டர் 49 என்றால் பருத்திக்கான 52ஆம் அத்தியாயம். அங்கே எல்லை 200, ஆகவே 5210.51. கண்ணுக்கும் கைக்கும் வித்தியாசமே தெரியாத இரண்டு துணிகள், இரண்டு அத்தியாயங்கள்.

சரி, பாதிக்குப் பாதி இருந்தால்? பொருந்தக்கூடிய தலைப்புகளில் (முதல் நான்கு இலக்கம்) எண் வரிசையில் கடைசியாக வருவதை எடுக்க வேண்டும் என்பது விதி. அப்படிப் பார்த்தால் 55ஆம் அத்தியாயம்தான். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆய்வகத்தில் 75 சதவீத கந்தக அமிலத்தில் பருத்தியைக் கரைத்துவிட்டு, மிஞ்சும் பாலியஸ்டரை உலர்த்தி எடை போடுவார்கள். அந்த உலர் எடையை அப்படியே சொல்வது ஒரு கணக்கு. இழைகள் இயல்பாகப் பிடித்து வைக்கும் ஈரத்தையும் கூட்டிச் சொல்வது இன்னொரு கணக்கு. பருத்திக்கு வழக்கமாக 8.5 சதவீதம் கூட்டுவார்கள், பாலியஸ்டருக்கு மிகச் சொற்பம். உலர் எடையில் சரிபாதியாக இருந்த துணி, ஈரம் கூட்டியதும் பருத்தி ஏறக்குறைய 52 என்று ஆகிவிடும். அறிக்கை எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்று கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

நூலின் வகையைப் பற்றி கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறையாகத் தெரிந்தது. பாவில் பிலமெண்ட் (வெட்டாத நீள இழை) பாலியஸ்டர், ஊடையில் பாலியஸ்டரும் பருத்தியும் கலந்து நூற்ற நூல் என்று நெய்வது உண்டு. மொத்தத்தில் பிலமெண்ட் 30, ஸ்டேபிள் 25, பருத்தி 45 என்று வந்தால், பருத்திதானே அதிகம் என்று 52ஆம் அத்தியாயத்தைத் தேடத் தோன்றும். ஆனால் வேறொரு அத்தியாயத்தோடு ஒப்பிடும்போது பிலமெண்டுக்கான 54, ஸ்டேபிளுக்கான 55 இரண்டையும் ஒரே அத்தியாயமாக எண்ண வேண்டும் என்று விதி சொல்கிறது. 30ம் 25ம் சேர்ந்து 55 ஆகி, பருத்தியைத் தாண்டிவிடுகிறது. அப்புறம் அந்த இரண்டுக்குள் பிலமெண்ட் அதிகம் என்பதால், அச்சுத் துணியான இது 5407.84இல் போய் நிற்கும். அங்கே 170, 200 என்ற எடைப் பேச்சே கிடையாது.

அச்சு விஷயத்தில் குழப்பம் குறைவு. துணியாக நெய்த பிறகு அச்சிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பல வண்ண நூலில் நெய்த கோடு போட்ட துணியின் மேல் அச்சிட்டாலும் அது அச்சுத் துணியே. டிரான்ஸ்ஃபர் காகிதம், மெழுகு தடவிச் சாயமேற்றும் பாத்திக், தூரிகையால் வரைந்தது எல்லாம் இதில் அடக்கம். நூலைக் கட்டிச் சாயம் ஏற்றிப் பிறகு நெய்தால், எவ்வளவு அழகான டிசைனாக இருந்தாலும், அது பல வண்ண நூல் துணி.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருமுறை இன்வாய்ஸில் 165 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) என்று போட்டு வந்த சரக்கு, சோதனையில் 173 காட்டியது. விற்றவர் பொய் சொல்லவில்லை. 165 என்பது தறியிலிருந்து இறங்கிய கிரே துணியின் (இன்னும் பதப்படுத்தாத துணி) எடை. பதப்படுத்தியதில் துணி சுருங்கியது, நிறமி அச்சில் சேர்ந்த பைண்டர் என்ற ஒட்டுப்பொருள் கொஞ்சம் எடையைக் கூட்டியது. சுங்கம் பார்ப்பதோ தன் முன்னால் வந்து நிற்கும் துணியை. 5513 என்று எழுதிய பத்திரத்தை 5514 என்று திருத்தி சரக்கை வெளியே எடுக்க 18 நாள் ஆனது. வாங்கியவர் சின்ன வியாபாரி. தையலுக்கு ஆள் வைத்துக்கொண்டு துணிக்காகக் காத்திருந்தார்.

இந்த விவரங்கள் எல்லாம் ஆலைக்குத் தெரிந்தவைதான். இன்வாய்ஸில் "பிரிண்டட் பாலி-காட்டன்" என்று மட்டும் எழுதுவதற்குப் பதிலாக, "பாலியஸ்டர் ஸ்டேபிள் 65, பருத்தி 35, எடையில், சாதா நெசவு, நெய்த பின் அச்சிட்டது, முடித்த துணி 128 ஜிஎஸ்எம்" என்று ஒரே வரியில் போட்டுவிடலாம். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது, இப்படி ஒரு மாதிரி வரியையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சுங்கப் பத்திரங்கள் தயாரிக்கும் ஒரு வாசகர்