ஆறு உறைந்துவிட்டது, கடல் உறையவில்லை

தானா புரூ, நோர்வே
நவம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். போனமுறை கதைத்தபோது மருமகன் கேட்டானே, "மாமா, நீங்கள் இருக்கிற இடத்தில் கடலா, ஆறா?" என்று. வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் இரண்டும்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்றைக்கு லீவு, வெளியே மத்தியானமே மம்மல் மாதிரிக் கிடக்கிறது, அதனால் ஆறுதலாக எழுதுகிறேன். அவனுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் ஆறு. பெயர் தானா. சிரிக்க வேண்டாம், தானாக ஓடுகிறதால் வந்த பெயர் இல்லை. இங்கத்தைய பூர்வீகச் சனம், சாமி என்று சொல்வார்கள் (நம்முடைய சாமி இல்லை), அவர்கள் மொழியில் இது தெஅத்னு, பெரிய ஆறு என்று அர்த்தம். அக்கரைப் பின்லாந்துக்காரர் தேனோ என்கிறார்கள். கிளை ஆற்றோடு சேர்த்து அளந்தால் 360 கிலோமீற்றர் வரும். நமக்கு ஆறு என்றால் வழுக்கையாறுதானே, அதுவும் மாரிக்கு மட்டும் வந்து போகிற ஆறு, ஆகவே முதல்தரம் இதைப் பார்த்தபோது இவ்வளவு தண்ணீரும் எங்கேயிருந்து வருகிறது, ஏன் முடியவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

200 கிலோமீற்றருக்கு மேல் இந்த ஆறுதான் நோர்வேக்கும் பின்லாந்துக்கும் எல்லை. ஆளை மறிக்க வேலியும் இல்லை, காவலும் இல்லை. ஆனால் அக்கரையில் மணி ஒன்று முந்தி ஓடும். வருசப்பிறப்புக்கு அங்கே பன்னிரண்டு மணி வெடி பார்த்துவிட்டு இங்கே வந்து இன்னொருமுறை பார்க்கலாம், இரண்டு தரமும் அதே குளிர்தான். எங்கள் ஊருக்குக் கொஞ்சம் மேலே எல்லை ஆற்றை விட்டு விலகிவிடும், அதற்குப் பிறகு ஆறு முழுக்க நோர்வேக்குள்தான்.

இப்போது கடல். மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே வருகிற இந்தக் கடலுக்குப் பியோர்ட் என்று பெயர். பழைய காலத்தில் பெரும் பனிக்கட்டி மலையை அராவி அராவிக் கடல் மட்டத்துக்கும் கீழே பள்ளம் தோண்டி வைத்தது, பனி உருகிப் போனதும் கடல் உள்ளே வந்து நிரப்பியது, அவ்வளவுதான். தானா பியோர்ட் 65 கிலோமீற்றர் நீளம், வடக்கே பேரன்ட்ஸ் கடலுக்குத் திறக்கிறது. நம் கடனீரேரி மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே முழங்காலளவு தண்ணீரில் நடந்து இறால் பிடிக்கலாம். இங்கே பாறை நேரே ஆழத்துக்கு இறங்கும், கரையில் நின்று பார்க்கவே எனக்கு வயிற்றைக் கலக்கும். இரு பக்க மலைகளும் மரமில்லாமல் வெளிறிக் கிடக்கும், குவார்ட்சைட் என்கிற கல். பியோர்ட்டின் உட்பக்கம் அந்தக் கல்லை வெட்டிக் கப்பலில் ஏற்றுகிறார்கள், இரும்போடு சேர்த்து உருக்கிற சிலிக்கன் அதிலிருந்துதான் வருகிறதாம்.

புதினம் என்னவென்றால், ஒரே குளிர்தான், ஆனால் ஆறு மே மாதம்வரை உறைந்து கிடக்கும், அதற்கும் வடக்கே இருக்கிற பியோர்ட் உறையாது. ஒன்று உப்பு, மற்றது அத்திலாந்திக்கிலிருந்து வருகிற வெதுவெதுப்பான நீரோட்டம். ஆற்றுத் தண்ணீர் கலக்கிற ஆழமில்லாத மூலைகளில் மட்டும் பனி பிடிக்கும். அதனால்தான் இந்தக் கரையெல்லாம் மாரியிலும் வள்ளம் ஓடுகிறது, மீன் பக்டரி நடக்கிறது, நானும் முதல் நான்கு வருசம் போட்ஸ்ஃபியோர்ட் என்கிற மீன்பிடி ஊரில் மீன் வெட்டிக் காசு அனுப்பினேன். அந்த நீரோட்டம் இல்லாவிட்டால் நம் தமிழ்ச் சனம் இவ்வளவு வடக்கே வந்திருக்குமா தெரியாது. இப்போது ஆற்றின் மேல் ஆட்கள் ஸ்கூட்டர் ஓடத் தொடங்குவார்கள். பனி ஸ்கூட்டர், அண்ணாவின் ஸ்கூட்டர் இல்லை. மே மாதம் கட்டி உடைகிறபோது பார்க்க வேண்டும், அறை அறையாகப் பனிக்கட்டி வளைவுகளில் முட்டி, அணை கட்டினமாதிரி நின்று, பிறகு ஒரே இரைச்சலோடு விட்டுக்கொண்டு போகும்.

சனத்துக்குப் பெரிய கவலை சமன் (சால்மன்) மீன். 1928இல் ஹென்ரிக் ஹென்ரிக்சன் என்றவர் இந்த ஆற்றில் தூண்டிலில் பிடித்த சமன் 36 கிலோ. அப்படிப்பட்ட ஆற்றில் கடலிலிருந்து திரும்பி வருகிற மீன் குறைந்து, 2021இல் சமன் பிடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதில் ஒற்றைப்படை வருசங்களில் கூன் விழுந்த இன்னொரு மீன் கூட்டமாக ஏறுகிறது, பசுபிக்கின் இளஞ்சிவப்புச் சமன், ரஷ்யர்கள் அந்தப் பக்கத்து ஆறுகளில் கொண்டுவந்து விட்டது. முட்டை போட்டதும் செத்து ஆற்றிலேயே கிடக்கும். பக்கத்து வீட்டுச் சாமிக் கிழவரின் நீள ஆற்றுவள்ளம் கவிழ்த்தபடியே கிடக்கிறது. பேரனுக்கு வலை போடப் பழக்க முடியவில்லை என்றார், மீன் இல்லாதது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை, கோப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

அவரே சொன்னார், 1944இல் ஜெர்மன்காரர் பின்வாங்கும்போது இந்தப் பகுதியில் வீடுகளை எரித்து, இங்கத்தைப் பாலத்தையும் தகர்த்துவிட்டுப் போனார்கள் என்று. 1948இல் தொங்குபாலம் கட்டி, அதுவும் பழசாகி, 2020இல் புதியது திறந்தார்கள். அப்போது சனம் ஊரை விட்டு ஓடிய கதையைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்து, உனக்குத் தெரியும்தானே என்றார். ஓம் என்றேன்.

இங்கே வருகிறவர்கள் பியோர்ட்டைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது ஆறும் பியோர்ட்டும் சேர்கிற முகத்துவாரம், காரில் அரை மணி நேரம். ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல் மைல் கணக்கில், வற்று நேரம் பளபளவென்று கிடக்கும். ஒரு காலம் கடல் நான் இருக்கிற இடத்தையும் தாண்டி உள்ளே கிடந்ததாம், பனிப்பாரம் போனதும் தரை உயர, ஆறும் மணலை நிரப்ப, கடல் பின்னால் போனது. இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கில் ஆண் வாத்துகள் இங்கே வந்துதான் இறகு உதிர்க்கும், அப்போது பறக்க முடியாமல் தண்ணீரிலேயே மிதந்து திரியும். அந்த மணலில் நின்றால், குளிரை மறந்தால், நம் அராலிக் கரைதான்.

சூரியன் போய்ச் சில நாள் ஆகிறது. பொங்கலை ஒட்டித்தான் திரும்பி வருவார், அதனால் இங்கே பொங்குவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, என்ன, பானையை வெளியே வைக்க முடியாது.

மழை எப்படி? வழுக்கையாற்றில் தண்ணீர் வந்ததா, அராலியில் அணைக்கதவு திறந்தார்களா? மருமகனை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கிழவருக்குக் காட்ட வேண்டும். எங்கள் ஆறு மாரிக்கு மட்டும்தான் ஓடும் என்றால் நம்புகிறார் இல்லை.

அன்புடன்
தம்பி