எங்கள் சனசமூக நிலையம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024/25

தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபைக்கும், வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்திருக்கும் அயலவர்கள் எல்லோருக்கும் வணக்கம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார், நான் அதைத் தொடவில்லை. வாசிகசாலைக்குப் பத்திரிகை வந்தது, சில நாட்கள் வராமலும் விட்டது. கரப்பந்தாட்டப் போட்டி நடந்தது. வாணிவிழாவும் நடந்தது. இவற்றை விரித்தால் தேத்தண்ணி ஆறிவிடும்.

விரித்துச் சொல்ல வேண்டியது பின் ஒழுங்கை மதவு, அதாவது அந்தச் சிறு பாலம், இடிந்த விசயம். 2024 நவம்பர் கடைசியில் பெய்த மழை, 2018 டிசம்பரில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்து நாங்கள் பட்ட பாட்டுக்கு ஈடில்லைதான், ஆனாலும் மதவு இடிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வழியில்லாமல் போனது. இதை யாரிடம் சொல்வது? 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தபிறகு, 2025 மே 6 தேர்தல் வரை, இரண்டு வருடத்துக்கு மேலாக நாங்கள் தெரிவு செய்த ஆள் என்று எந்தச் சபையிலும் ஒருவரும் இருக்கவில்லை, அதிகாரிகளே நடத்தினார்கள். அதனால் சிரமதானம் போட்டோம். ஒரு வீட்டு உழவு இயந்திரம், இன்னொரு வீட்டு டீசல், மண்வெட்டியோடு வந்த இளைஞர்கள், மத்தியானச் சாப்பாடு சமைத்த பெண்கள் என்று ஆளாளுக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மதவு எழும்பிவிட்டது. பார்க்க அழகில்லை, ஆனால் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போகிறது.

எனக்கு மதவைவிடப் பெரிதாகத் தெரிந்தது, அன்று யார் யார் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள் என்பது. குடியேற்றத் திட்டக் காலத்திலிருந்து இங்கே இருக்கிற குடும்பங்களும், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த குடும்பங்களும், 2009இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேறும்போது காணி கிடைத்த இடத்தில் இருந்துகொண்ட குடும்பங்களும் ஒரே ஊர் என்று கடிதத் தலைப்பில் எழுதுகிறோமே தவிர, ஒருவர் வளவுக்குள் மற்றவர் போய் வருவது குறைவு.

அதைவிடக் கெடுத்தது, வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிப்பணமான அஸ்வெசும பற்றிய 2023 விவகாரம். பெயர்ப்பட்டியலை வெளியிட்டு, விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்யலாம், தகுதியில்லாதவர் இருந்தால் ஆட்சேபனை போடலாம் என்றார்கள். காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். ஊருக்குள் வந்தபோது, யார் யாருக்கு எதிராகப் போட்டது என்று தெரியாமல் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டதுதான் மிச்சம். செத்தவீட்டுக்குக்கூடப் போகாமல் விட்ட ஆட்கள் இருக்கிறார்கள். உதவி யாருக்கு என்பதை மேலே ஒரு புள்ளிக் கணக்கு தீர்மானிக்கும், அயலவனுக்குக் கிடைத்த ஒரே வேலை ஆட்சேபிப்பது என்றால் வேறு என்ன நடக்கும்?

வேறு இடங்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று நிர்வாக சபையில் கொஞ்சம் கதைத்தோம். கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 வீதம் வரை உள்ளூராட்சிகளுக்குக் கொடுத்து, எந்த வேலை முதலில் என்பதைக் கிராம சபையில் வைத்துக் கதைக்கச் செய்தார்கள். பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே நகரம் அதற்கு முன்னரே, 1989இல், வரவு செலவுத் திட்டத்தைப் பகுதி பகுதியாகக் கூட்டம் போட்டு மக்களிடம் விட்டது. எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தார் 1988இல் ஆரம்பித்த நிதி. அயலவர்கள் சேர்ந்து ஒரு வேலையைக் கொண்டுபோனால் நகரசபை பணம் தரும், அயலவர்கள் அதற்கு ஈடாகத் தங்கள் பங்கைக் காட்ட வேண்டும், ஆனால் அந்தப் பங்கு காசாக இருக்க வேண்டியதில்லை, உடலுழைப்பையும் மணிக்கணக்காக விலைபோட்டு ஏற்றுக்கொள்வார்கள். எங்கள் மதவுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் சபைதான் எங்களுக்குக் கடன்!

இது நாங்கள் நினைக்கவே முடியாத விசயமும் இல்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டமே, உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சேர்த்து ஆலோசனைக் குழுக்கள் அமைக்க இடம் கொடுக்கிறது. இப்போது தவிசாளர் இருக்கிறார், வட்டார உறுப்பினர் இருக்கிறார், வாக்குக் கேட்டு வந்தபோது எல்லோர் வீட்டு விறாந்தையிலும் இருந்தவர்கள்தான். ஆகவே கேட்கலாம். ஒழுங்கை மின்விளக்கு, மதவு போன்ற சிறு வேலைகளில் எது முதலில் என்பதை வருடத்துக்கு ஒருமுறை எங்கள் முன்னால் வைத்துக் கதைத்து முடிவெடுக்க வேண்டும், சிரமதானத்தை எங்கள் பங்காகக் கணக்கில் எடுக்க வேண்டும். கிடைக்காத ஒழுங்கைக்காரனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது காதால் கேட்டுத் தெரிந்திருந்தால், அவன் பக்கத்து ஒழுங்கைக்காரனோடு கோபிக்கமாட்டான் என்பது என் எண்ணம். தலைவருக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கூட்டம் வைத்தால் சண்டைதான் கூடும் என்கிறார். கூடட்டும், முகத்துக்கு முன்னால் பிடிக்கிற சண்டை பரவாயில்லை.

இன்னொன்று, நிலையத்துக்குப் பக்கத்துப் பொதுக்காணி. சிங்கப்பூரில் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தை வெறுமையாக விட்டுவைத்திருக்கிறார்கள், கலியாணமும் செத்தவீடும் அங்கேயே நடக்கும், எந்த இனத்தவரும் அந்த வழியால்தான் வீட்டுக்குப் போக வேண்டும். எங்களுக்கு மாடி வேண்டாம், அந்தக் காணி வேறு எதற்கும் போகாமல் ஊர்ப்பாவனைக்கென்று எழுத்தில் இருந்தால் போதும்.

மரண உதவிச் சங்கத்துக் கதிரைகள், கிடாரம், தகரப்பந்தல் எல்லாம் இனி வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக்கும் அதே வாடகைக்குத்தான் போகும். இதில் வேறு கதை வேண்டாம். எடுத்துப் போகிறவர்கள் கிடாரத்தைக் கரி தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுக்கவும்.

சபைக்குக் கொடுக்கும் கோரிக்கைக் கடிதம் மேசையில் இருக்கிறது. அதை இந்தக் கூட்டத்தின் தீர்மானமாக எடுக்கும்படி முன்மொழிகிறேன். வழிமொழிகிறவர் எழும்பிப் பெயரைச் சொல்லவும், ஆட்சேபனை உள்ளவர்களும் எழும்பிச் சொல்லலாம்.