சைக்கிள்காரருக்கும் வின்டர்மியர் ஊராருக்கும்

கால்கார்த், வின்டர்மியர்
1945 நவம்பர்

ட்ரௌட்பெக் பிரிட்ஜ், வின்டர்மியர் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நாளைக் காலை எங்களில் சில பையன்கள் மான்செஸ்டர் விடுதிக்குப் புறப்படுகிறோம். சொல்லாமல் போக மனமில்லை.

யூதப் பிள்ளைகளான நாங்கள் எந்த நாஜி முகாம்களிலிருந்து வந்தோம் என்பதை நீங்கள் சினிமாக் கொட்டகைச் செய்திப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதை நான் எழுதப்போவதில்லை.

ஆகஸ்டில் பிராகிலிருந்து குண்டுவீச்சு விமானங்களின் தரையில் உட்கார்ந்து வந்த சுமார் 300 பேருக்கும் ஆளுக்கொரு கட்டில், வெள்ளை விரிப்பு! அரசிடம் பேசி எங்களை வரவழைத்த மான்டிஃபியோரி ஐயாவுக்கும், மெத்தைக்கடியில் நாங்கள் ஒளித்த ரொட்டியைக் கண்டும் காணாததுபோல் விட்ட சமையற்கட்டுப் பெண்களுக்கும், மருத்துவர்களுக்கும், ரேஷன் கூப்பனில் வாங்கிய மிட்டாயை எங்களுக்கு நீட்டிய ஊர்ப் பிள்ளைகளுக்கும் நன்றி. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் இந்த நாட்டுக்கு வர அனுமதி. ஆகவே என் வயதை மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.

இனி அந்தச் சைக்கிள்காரர். பெயர் தெரியாது. வந்த மூன்றாம் வாரம், கடைச் சுவரில் சாய்த்திருந்த அவர் சைக்கிளைக் கேட்காமல் எடுத்து, ஏரியோரமாக ஆம்பிள்சைடு வரை போய்விட்டேன். திருட நினைக்கவில்லை, திருப்பித் தரவும் நினைக்கவில்லை. கையில் கிடைத்தது கையில் இருக்கும்வரை நம்முடையது, அதுதான் நான் வளர்ந்த சட்டம். இருட்டும் நேரம் அதே வழியில் திரும்பினால், அவர் அங்கேயே நிற்கிறார்.

என் உடம்பு என்னைக் கேட்காமலே வேலை செய்தது. இறங்கி, தொப்பியைக் கழற்றித் தொடையோடு ஒட்டி, விறைத்து நின்றேன். ஜெர்மன்காரர் எதிரே வந்தால் தொப்பியைக் கழற்ற வேண்டும்: யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவில் படித்த முதல் பாடம் அது; முகாமில் தாமதித்தவன் அப்புறம் எழுந்திருக்கவில்லை. அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்று காத்திருந்தேன்.

அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பையன் மரியாதை செய்கிறான் என்று நினைத்துக்கொண்டார் போல. தன் தொப்பியைக் கழற்றிப் பதில் மரியாதை செய்தார். அந்தத் தூறலில், வழுக்கைத் தலையோடு, எனக்கு!

பிறகு ஸ்பேனரை எடுத்து, சீட்டை இரண்டு விரற்கடை இறக்கி, ஏறச் சொல்லிக் கால் எட்டுகிறதா என்று பார்த்தார். ஏதோ சொன்னார். அன்று எனக்குத் தெரிந்த ஆங்கிலம் 'யெஸ்', 'பிரெட்' இரண்டுதான். யெஸ் என்றேன். ஊரில் இருக்கும்வரை வைத்துக்கொள் என்றாராம். மறுநாள் கடைக்காரர் சைகையில் புரியவைத்தார்.

போலந்தில் எங்கள் ஊரான லோட்ஸில் என் அப்பா தெரிந்தவர்களைத் தெருவில் பார்த்தால் தொப்பியைத் தொடுவார். அவர்களும் தொடுவார்கள். அப்படியும் ஒரு தொப்பி கழற்றல் உண்டு என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. அன்றிரவு தூங்கவில்லை.

பிள்ளைகள் சீக்கிரம் தேறிவிட்டார்கள் என்கிறீர்கள். எடை கூடியிருப்பது உண்மை. ஆனால் இன்னும் கதவுக்கு முதுகு காட்டி என்னால் உட்கார முடிவதில்லை. யாராவது நல்லது செய்தால், இதற்கு என்ன விலை என்றுதான் முதலில் கணக்குப் போடுகிறேன். இந்தச் சைக்கிள் விஷயத்தில் மட்டும் கணக்கு உதைக்கிறது.

முதல் சம்பளத்தில் நல்ல தொப்பி ஒன்று வாங்குவேன். யாருக்குக் கழற்றுவது என்று இனி நானே முடிவு செய்வேன்.

ஐயா, சைக்கிளை அதே சுவரில் சாய்த்திருக்கிறேன். பின்சக்கரத்தில் மெல்லக் காற்று இறங்குகிறது, அடித்து வைத்தேன். சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றிவிட்டேன்.