பேரனுக்கு ஒரு மூங்கில் கழி

பாபநாசம்
6.7.2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் உன் அக்காவுக்கு மனசு ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். போன வருஷம் மேட்டூர் அணை ஜூலை 28இல்தான் திறந்தது, நான் குறுவை நெல்லே போடவில்லை. இந்த வருஷம் ஜூன் 12இல் மேட்டூர், 15இல் கல்லணை. 29ஆம் தேதி மேட்டூர் 120 அடி நிரம்பியும்விட்டது. நடவு முடித்துவிட்டேன். அந்தத் தெம்பில்தான் ஆற்றைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஆடிப்பெருக்குக்குப் பேரனோடு வருகிறாய், அவன் ரீல் வைத்த தூண்டில் வாங்கியிருக்கிறான் என்று எழுதியிருந்தாய். கொண்டுவரட்டும். ஆனால் நம் குடமுருட்டி ஆற்றில் அவன் கை முதலில் பிடிக்க வேண்டியது மூங்கில் கழி. நடு ஆற்றுக்கு வீசி என்ன செய்ய? அங்கே இழுப்பு. இரையை நிறுத்தவே முடியாது. நம் மீன் கரையை ஒட்டித்தான் நிற்கும்: நாணல் தூரில், படித்துறையின் கடைசிப் படியில், மதகடியில் தண்ணீர் சுழன்று திரும்புகிற இடத்தில். பன்னிரண்டு அடிக் கழியும் அதே அளவு தூண்டில் நரம்பும் இருந்தால் மூன்றும் எட்டும். ஒரு சாண் பிசகாமல், தண்ணீர் சலசலக்காமல் இரையை இறக்கலாம். இதைக் கழி ஒன்றால்தான் செய்ய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவனுக்கான கழியைத் தை மாதமே வெட்டிவிட்டேன். உங்க அப்பா நமக்குச் சொல்லித்தந்த அதே முறை. கல் மூங்கிலில் மூன்று வருஷம் முற்றினது, கணு நெருக்கமானது. அடி சின்னக் கைக்கு அடங்க வேண்டும், நுனி விளக்குமாற்றுக் குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன். இளசாக வெட்டினால் வண்டு விழுந்து உளுத்துவிடும். வெட்டியதை வாய்க்காலில் கல்லை ஏற்றி அமுக்கி வைத்துவிட்டு, அப்புறம் நிழலில் காயப்போட்டேன். வளைந்திருந்த கணுக்களைத் தணலில் வாட்டினேன். தோலில் எண்ணெய் வியர்வை மாதிரித் துளிர்க்கும், நினைவிருக்கிறதா? அதைச் சாக்குத் துணியால் துடைத்து, முழங்காலில் கொடுத்து மெல்ல மெல்ல நிமிர்த்தினேன். அந்த வாசனை வந்தபோது உங்க அப்பா கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. கண் கலங்கிவிட்டது மாப்ளே.

நரம்பை நுனியில் மட்டும் கட்டவில்லை. அடியிலிருந்தே கழியைச் சுற்றிக் கொண்டுபோய் நுனியில் முடிந்திருக்கிறேன். நுனி முறிந்தாலும் நரம்பு கையோடு நிற்கும். எட்டாவது படிக்கும்போது மதகடியில் உன் கழி முறிந்து, விரால் நரம்போடு போய்விட்டதே, நீ வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாயே, அன்று ராத்திரி அப்பா உட்காரவைத்துச் சொன்ன பாடம் இது.

தக்கைக்கு நெட்டி சீவி வைத்திருக்கிறேன். பேரனுக்கு நான் சொல்லித்தர ஆசைப்படுவது தக்கையைப் பார்க்கத்தான். கெண்டை டுக் டுக்கென்று இரண்டு தடவை தட்டிவிட்டுச் சாய்த்து இழுக்கும். அந்தச் சாய்வில் மணிக்கட்டைச் சுண்ட வேண்டும், தோளால் தூக்கினால் உதடு கிழிந்து போய்விடும். கெளுத்தி நிதானமாக உள்ளே கொண்டுபோகும். விராலுக்குத் தவளை போட்டால் அவசரமே கூடாது, வாயில் கவ்வினது தொண்டைக்குள் போகிறவரை விட்டுக்கொடுக்க வேண்டும். கெளுத்தியை மட்டும் அவன் கழற்ற வேண்டாம். முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. பக்க முள்ளுக்குப் பின்னால் விரல் கொடுத்துப் பிடிக்கப் பழகும்வரை நான் கழற்றித் தருகிறேன்.

இன்னொன்று. அவன் தூண்டில் கார்பன் என்றால் அதில் மின்சாரம் பாயும். படித்துறைக்கு மேற்கே கரண்டு கம்பி ஆற்றைக் குறுக்கே தாண்டுகிறது, அந்தப் பக்கம் அவன் தூக்கி நடக்கவே கூடாது. ஈர மூங்கிலுக்கும் அதே கட்டுப்பாடுதான். கிழக்கே மணல் அள்ளின பள்ளங்கள் தண்ணீருக்குள் மூடிக்கிடக்கின்றன. கரையிலேயே நிற்கட்டும், இறங்க வேண்டாம்.

மனசு நொந்த சேதி ஒன்றும் உண்டு. போன வாரம் ராத்திரி யாரோ பேட்டரி வைத்துத் தண்ணீருக்குள் கரண்டு விட்டிருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் விரல் நீளக் கெண்டைக்குஞ்சுகள் வெள்ளை வெள்ளையாகப் படித்துறையில் ஒதுங்கிக் கிடந்தன. சினையோடு ஒரு கெளுத்தி. புதுத்தண்ணிக்கு ஏறி வந்த மீன் அத்தனையும். பஞ்சாயத்தில் சொல்லியிருக்கிறேன். நாங்கள் நாலு பேர் முறை வைத்து ராத்திரியில் கரையைச் சுற்றி வருகிறோம்.

கலங்கல் இப்போதே கொஞ்சம் தெளிகிறது. ஆடி 18 ஞாயிற்றுக்கிழமை, கரை முழுக்கக் கூட்டமாக இருக்கும். அதனால் வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள். சனிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு மதகடிக்குப் போகலாம். மண்புழு நம் சாணக்குழியிலேயே தோண்டிக்கொள்ளலாம். கெண்டைக்கு ஏற்ற சின்னத் தூண்டில் முள் இங்கே கடையில் தீர்ந்துவிட்டது, அங்கிருந்து இரண்டு பாக்கெட் வாங்கி வா.

உன் மச்சான்