ராஜினாமா எழுதுவதற்கு முன்

மதுரை,
ஞாயிறு காலை

அன்புள்ள தாயி,

நேற்று போனில் "இருக்கவா, போகவான்னு தெரியலப்பா" என்று நீ கேட்டபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அம்மா பக்கத்திலேயே நின்றாள், அவள் பயந்துவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கி என் வண்டியில் ஏறியதுமே பேச்சை ஆரம்பித்துவிடுவாய். புரோகிராமில் இரண்டு நாளாகப் பிடிபடாத தப்பை எப்படிப் பிடித்தாய் என்று வீடு வரும்வரை சொல்லுவாய். எனக்குப் பாதி புரியாது. ஆனாலும் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுவேன். இந்தப் பொங்கலுக்கு வந்தபோது, யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள், யாருக்கு நல்ல ரேட்டிங் கிடைத்தது என்பதுதான் பேச்சு. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அங்கே நீ கற்றுக்கொள்ள இனி ஒன்றும் இல்லை என்று எனக்கு அப்போதே பட்டது.

நான் மில் டைம் ஆபீசில் கிளார்க்காக இருந்தபோது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கூப்பிட்டார்கள். நீ அப்போது அம்மா வயிற்றில். "நீ போனா இந்த ஆபீஸ் ஓடாதுப்பா" என்று மேனேஜர் சொன்ன ஒரு சொல்லுக்கு மயங்கி நின்றுவிட்டேன். சில வருஷத்தில் பஞ்சு வாங்கப் பணமில்லை என்று ஒவ்வொரு மிஷினாக நிறுத்தினார்கள். சம்பளம் மூன்று மாதம் தள்ளிப் போனது. கடைசியில் காலைச் சங்கும் நின்றது. அப்போதும் ஆட்கள் வந்து கார்டைப் பஞ்ச் பண்ணிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். ஓடாத மில்லுக்கு நான் அட்டெண்டன்ஸ் எழுதினேன். தலையில் பஞ்சுத்தூசி இல்லாமல் அவர்கள் வீட்டுக்குத் திரும்புவதைப் பார்க்க வயிற்றைப் பிசையும். ஒரு திங்கட்கிழமை போனால் கேட்டில் பூட்டு. உன் பள்ளிக்கூட ஃபீசுக்கு அம்மாவின் வளையல் போனது அந்த வருஷம்தான்.

அதனால் கிளம்பு என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த டீம் லீடர் மேல் உள்ள கோபத்தில் கிளம்பாதே. புது இடத்தில் என்ன வேலை, யாரிடம் கற்றுக்கொள்ளப் போகிறாய் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போ.

இனி நான் வருஷக்கணக்காக எழுதிய கணக்கு. உனக்கு ஐந்து வருஷம் முடிய இன்னும் இரண்டே மாதம். வேலையை விடும்போது கம்பெனி மொத்தமாகக் கொடுக்கும் கிராஜுவிட்டிக்கு அந்த ஐந்து வருஷம் முக்கியம். அடிப்படைச் சம்பளம் 40,000 என்று வை. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, மறுபடி 5-ஆல் பெருக்கினால் 1,15,000 ரூபாய்க்கு மேல் வரும். நோட்டீஸ் மூன்று மாதம் இருக்கிறதே, இன்றைக்குக் கொடுத்தாலும் தேதி தாண்டிவிடுமே என்று நினைக்காதே. கம்பெனி உன்னை முன்கூட்டியே அனுப்பிவிட்டால் என்ன செய்வாய்? ஐந்து வருஷம் முடிந்த பிறகு எழுதிக் கொடு, புது இடத்தில் சேரும் தேதியை அதற்குத் தகுந்த மாதிரி கேட்டு வாங்கு. ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் ராஜினாமா வேண்டாம். ரிலீவிங் லெட்டர் வாங்காமல் அங்கிருந்து நகராதே.

பி.எஃப். பணத்தில் கை வைக்கவே வைக்காதே, தாயி. கம்பெனி மாறினாலும் மாறாத உன் பி.எஃப். நம்பர், அதே யு.ஏ.என். நம்பரில் புதுக் கம்பெனிக்கு மாற்றிவிடு. மில் மாறும்போதெல்லாம் காதுகுத்து, கல்யாணம் என்று மொத்தத்தையும் எடுத்தவர்களுக்கு நானே ஃபாரம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும், மொத்தத்தையும் எடுத்துவிட்டால் அதுவரை பார்த்த சர்வீஸ் அதில் சேராது. 58 வயதில் வந்து "எனக்கு ஏன் வரல?" என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக் கடனை நினைத்துத்தான் நீ தயங்குகிறாய் என்று அம்மா சொன்னாள். இன்னும் பதினொரு தவணைதான். இடையில் ஒரு மாதம் உனக்குச் சம்பளம் இல்லாவிட்டாலும் நான் கட்டிவிடுவேன், பணம் எடுத்து வைத்திருக்கிறேன். எங்களுக்குத் துணையாக இருக்கலாம் என்று இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் ஏதாவது தேடுவதாகச் சொன்னாயே, வேலை பிடித்திருந்தால் வா. எங்களுக்காக மட்டும் என்றால் வேண்டாம். நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்.

ஆஃபர் லெட்டர் வந்ததும் கையெழுத்துப் போடாமல் எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா