வசந்தாவுக்கு, சேகரின் தீர்ப்பு குறித்து

அன்புள்ள வசந்தா,

நலம், நலமறிய ஆவல். என் முதுகுவலி குறைந்துவிட்டது. ஆகவே வைத்தியக் குறிப்புகளை இனி வேறு யாருக்காவது அனுப்பு.

சுவர், விளிம்பு போன்ற தடைகளை ஓடியும் தாவியும் ஏறியும் கடக்கும் பார்கூர் பயிற்சியில் உன் மகள் சேர்ந்த செய்தி மகிழ்ச்சி தந்தது. ஆனால் என்னை உடனே எழுத உட்கார வைத்தது, "பார்கூருக்குப் பெண்களுக்குக் கைவலு போதாது" என்று சேகர் வழங்கிய தீர்ப்புதான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. சராசரியாக ஆண், பெண் வலிமை வேறுபாடு கால்களைவிடத் தோள்களிலும் கைகளிலுமே அதிகம் என்பதால், விளிம்பைப் பற்றித் தொங்கிச் சுவரேறப் பழகுவதற்குப் பல பெண்களுக்குக் கூடுதல் காலம் பிடிக்கிறது. ஆனால் அந்த ஏற்றமும் கையின் வேலை மட்டுமன்று. பாதம் சுவரை உந்தி இடுப்பை எழுப்ப, அந்த வேகம் தீர்வதற்குள் உள்ளங்கை விளிம்பின்மேல் ஊன்றிவிட வேண்டும். அது நுட்பம்; பழகப் பழக வரும்.

சரி, கைவலுவே காரணம் என்றால், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குத் தாவி அசையாமல் நிற்கும் பயிற்சியில் பெண்கள் தயங்குவானேன்? அது முழுக்கக் கால்களின் வேலையாயிற்றே! தரையில் கோடு கிழித்துக் கொடுத்தால் அதே தூரத்தை என் மாணவிகள் சிரித்துக்கொண்டே தாண்டுகிறார்கள். விழுந்த பையனை "எழுந்திரு" என்றும் விழுந்த பெண்ணை "போதும், இறங்கு" என்றும் சொல்லி வளர்த்துவிட்டு, அந்தத் தயக்கத்தை உடற்கூறு என்று பெயரிடுவது எனக்குத் தாங்கவில்லை.

"பெண்கள் நளினமாகத் தாவுகிறார்கள்" என்ற பாராட்டும் எனக்கு ஒவ்வாது. 2022இல் டோக்கியோவில் நடந்த முதல் உலக பார்கூர் சாம்பியன்ஷிப்பில் மெக்சிகோவின் எல்லா புசியோ பெண்களுக்கான ஃப்ரீஸ்டைல் பிரிவில், அதாவது சாகச அசைவுகளைக் கோத்துக் காட்டும் போட்டியில், தங்கம் வென்றார். அப்பிரிவில் அசைவின் கடினத்துக்கும் மதிப்பெண் உண்டு. நளினத்தை மட்டும் நம்பிப் போனவருக்குப் பதக்கம் கிடைக்காது.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. தாவிக் குதிக்கும் விளையாட்டுகளில் முழங்காலை நிலையாக வைத்திருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களிடையே அதிகம். முறையான பயிற்சி அந்த ஆபத்தைக் குறைக்கும் என்பதால், தரையிறங்கும்போது முழங்கால்கள் உட்பக்கம் சாயாமல், இடுப்பும் முழங்காலும் மடங்கி அதிர்ச்சியை வாங்க முதலில் தாழ்ந்த உயரத்தில் பழகட்டும். இதைப் பெண்ணின் பலவீனம் என்று மூடி மறைப்பவரும், பேசினால் பயந்துவிடுவாள் என்று தவிர்ப்பவரும் அவளுக்கு ஒரே தீங்கைத்தான் செய்கிறார்கள்.

அவளுடைய பயிற்சியாளர் பெண்களுக்கென்று தனியாக ஒரு குட்டைச் சுவரை ஒதுக்குகிறாரா என்று விசாரித்து எழுது. ஒதுக்கினால் வேறு வகுப்பு தேடலாம்.

அன்புடன்,
மீனாட்சி